மாநில வரி ரீஃபண்ட் வருமானமா? 1099-ஜி படிவத்தை எப்படிப் படிப்பது

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: நியூஜெர்சியில் இருக்கிறீர்கள். 2024-க்கான மாநில வருமான வரி ரீஃபண்டாக 1,340 டாலர் போன ஆண்டு ஏப்ரலில் வந்தது. இப்போது 2025-க்கான தாக்கலைச் செய்யும்போது மென்பொருள் "1099-ஜி உண்டா?" என்று கேட்டது. தபாலில் எதுவும் வரவில்லை. மாநில இணையதளத்தில் தேடி எடுத்துத் தொகையைப் போட்டீர்கள். போட்டவுடன் ஃபெடரல் (மத்திய அரசு) ரீஃபண்ட் 295 டாலர் குறைந்துவிட்டது. "கூடுதலாகக் கட்டிய எங்கள் பணத்தைத்தானே திருப்பிக் கொடுத்தார்கள், அது எப்படி வருமானமாகும்?" என்பது உங்கள் கேள்வி.

உங்கள் கோபம் நியாயம். நீங்கள் சொன்ன எண்களை வைத்துப் பார்த்தால் அந்த 295 டாலரை நீங்கள் கட்ட வேண்டியதே இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் "என் பணம்தானே" என்ற காரணத்தால் இல்லை. எந்தக் காரணத்தால் என்பது தெரிந்தால்தான் அடுத்த ஆண்டும் தப்பு நடக்காமல் இருக்கும், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்தப் படிவம். அரசு அமைப்புகள் தனி ஆட்களுக்குக் கொடுத்த சில வகைப் பணத்தை வரித் துறைக்கும் நமக்கும் தெரிவிக்கும் தாள்தான் 1099-ஜி. அதில் முதல் கட்டம் வேலையிழப்பு உதவித்தொகைக்கு. இரண்டாவது கட்டத்தில்தான் மாநில அல்லது உள்ளூர் வருமான வரி ரீஃபண்ட் இருக்கும். மூன்றாவது கட்டத்தில் அந்த ரீஃபண்ட் எந்த ஆண்டு வரிக்கானது என்று இருக்கும்; அது காலியாக இருந்தால் முந்தைய ஆண்டுக்கானது என்று பொருள். பத்து டாலரோ அதற்கு மேலோ ரீஃபண்ட் கொடுத்த மாநிலம் இந்தக் கணக்கை ஐஆர்எஸ்ஸுக்கு, அதாவது ஃபெடரல் வரித் துறைக்கு, தெரிவிக்க வேண்டும். நமக்கு ஜனவரி 31-க்குள் கிடைக்க வேண்டும்.

இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஆண்டுக் கணக்கு. உங்கள் தாளின் மேலே 2025 என்று இருக்கும், ஏனென்றால் பணம் கைக்கு வந்தது 2025-ல். மூன்றாவது கட்டத்தில் 2024 என்று இருக்கும், ஏனென்றால் வரி அந்த ஆண்டுக்கானது. இரண்டும் சரிதான். கணக்குப் பார்க்க வேண்டியது 2024 தாக்கலை வைத்து. வரி ஏதாவது இருந்தால் காட்ட வேண்டியது 2025 தாக்கலில்.

சரி, தபாலில் ஏன் வரவில்லை? ஒருவர் அந்த ஆண்டு ஃபெடரல் தாக்கலில் ஐட்டமைஸ் செய்யவில்லை (கழிவுகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டுக் கழிக்கவில்லை) என்று மாநிலத்துக்குத் தெரிந்தால், அவருக்கு இந்தத் தாளை அனுப்பத் தேவையில்லை என்று சட்டமே சொல்கிறது. அது போக, நியூஜெர்சி மாநில ரீஃபண்டுக்கான 1099-ஜியைத் தபாலில் அனுப்புவதே கிடையாது, இணையத்தில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நியூயார்க்கிலும் ரீஃபண்ட் தொகையை இணையத்தில்தான் தேடி எடுக்க வேண்டும். ஆகவே "தாள் வரவில்லை, அதனால் வரி இல்லை" என்று நினைத்துவிடக் கூடாது. "தாள் வந்துவிட்டது, அதனால் வரி உண்டு" என்பதும் அதே அளவு தப்பு. மாநிலம் உங்களுக்கு எவ்வளவு கொடுத்தது என்பது மட்டும்தான் அதில் இருக்கிறது. அதில் எவ்வளவுக்கு வரி என்பது அந்த மாநிலத்துக்கே தெரியாது.

எனக்கும் தொடக்கத்தில் இது புரியவில்லை. இந்தியாவில் வருமான வரித் துறை ரீஃபண்ட் கொடுத்தால் அது வருமானம் ஆகாது. 244-ஏ பிரிவில் தரும் வட்டிக்கு மட்டும்தான் வரி. அங்கே சம்பளத்துக்கு வருமான வரி வாங்குவது மத்திய அரசு மட்டும். மாநிலம் தொழில் வரி என்று கொஞ்சம் பிடிக்கும், அவ்வளவுதான். கட்டிய வருமான வரியையே இன்னொரு வருமான வரியிலிருந்து கழித்துக்கொள்ளும் ஏற்பாடு அங்கே இல்லை. அமெரிக்காவில் அது இருக்கிறது. மாநிலத்துக்குக் கட்டிய வரியை ஃபெடரல் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். குழப்பம் முளைப்பது அந்தக் கழிவில்தான்.

ஆபீஸ் வேலையாக ஆட்டோவில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 ரூபாய்க்கு பில் போட்டு ஆபீஸில் வாங்கிவிட்டீர்கள். மறுநாள் அந்த ஓட்டுநர், "சார், நேற்று நூறு ரூபாய் அதிகம் வாங்கிவிட்டேன்" என்று திருப்பிக் கொடுக்கிறார். அந்த நூறு ஆபீஸுக்குப் போக வேண்டியது. பில்லே போடாமல், எல்லோருக்கும் தரும் நாள் படியை மட்டும் வாங்கியிருந்தால், அந்த நூறு உங்களுடையது. யாரும் கேட்க முடியாது. இன்னொன்றும் உண்டு. "ஆட்டோவுக்கு 300-க்கு மேல் தர மாட்டோம்" என்று ஆபீஸில் வரம்பு இருந்தால்? நீங்கள் கொடுத்தது 500, கிடைத்தது 300. ஓட்டுநர் நூறு திருப்பினாலும் உங்கள் செலவு 400. அப்போதும் ஆபீஸ் 300-தான் தந்திருக்கும். அதனால் திருப்பித் தர ஒன்றுமில்லை.

இதில் நாள் படி ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன். அதாவது, கணக்குக் காட்டாமலே எல்லோருக்கும் கிடைக்கும் நிலையான கழிவு. பில் போடுவது ஐட்டமைஸ் செய்வது. 300 ரூபாய் வரம்புதான் சால்ட் வரம்பு என்று இங்கே எல்லோரும் சொல்வது: மாநில, உள்ளூர் வரிகளில் இவ்வளவுக்கு மேல் கழிக்க முடியாது என்ற வரம்பு, 2024-ல் அது பத்தாயிரம் டாலர். ஃபெடரல் சட்டத்தில் 111-ம் பிரிவு சொல்வதும் இதைத்தான்: முன்பு கழித்த தொகை திரும்பி வந்தால், அந்தக் கழிவால் எந்த அளவுக்கு வரி குறைந்ததோ அந்த அளவுக்குத்தான் அது வருமானம். ஃபெடரல் ரீஃபண்டுக்கு ஏன் வரி இல்லை என்பதும் இதிலேயே விளங்கும். ஃபெடரல் வரியை நாம் ஃபெடரல் தாக்கலில் கழிப்பதில்லை.

எனவே 1099-ஜி கையில் வந்ததும் முதல் வேலை, போன ஆண்டுத் தாக்கலை எடுத்து மேசையில் வைப்பது. நான் சில ஆண்டுகளாக வரித் தாக்கல் பருவத்தில் நூலகத்தில் உட்கார்ந்து தெரிந்தவர்களுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். வருபவர்கள் டபிள்யூ-2 என்ற சம்பளத் தாள், வங்கி வட்டித் தாள் எல்லாம் கொண்டுவருவார்கள், போன ஆண்டுத் தாக்கலை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு வருவார்கள். அது இல்லாமல் இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லவே முடியாது.

2024 தாக்கலில், ஃபெடரல் தாக்கலின் முதன்மைப் படிவமான 1040-ன் 12-ம் எண் வரிசையைப் பாருங்கள். அங்கே தனி ஆளுக்கு 14,600, கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால் 29,200 என்று இருந்தால் நீங்கள் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுத்திருக்கிறீர்கள். 65 வயது கடந்தவர்களுக்கு இது கொஞ்சம் கூடுதலாக இருக்கும். வேலை அங்கேயே முடிந்தது, ரீஃபண்டுக்கு ஒரு காசு வரி கிடையாது. அமெரிக்காவில் மிகப் பெரும்பாலானவர்கள் இந்தப் பக்கம்தான்.

ஐட்டமைஸ் செய்பவர்கள் இணைக்கும் ஷெட்யூல் ஏ பக்கத்தை வைத்திருந்தால் அடுத்து அதில் 5-டி, 5-இ என்ற இரண்டு வரிசைகள். 5-டியில் நீங்கள் உண்மையில் கட்டிய மாநில வரி, சொத்து வரி எல்லாம் சேர்ந்த மொத்தம் இருக்கும். 5-இயில் வரம்புக்கு வெட்டிய பிறகு கழிக்க அனுமதித்த தொகை இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் ரீஃபண்டைவிட அதிகமாகவோ சமமாகவோ இருந்தால் வரி இல்லை. உங்கள் கணக்கைப் பார்ப்போம். சம்பளத்தில் பிடித்த மாநில வரி 9,000, வீட்டுச் சொத்து வரி 11,000 என்று எழுதியிருக்கிறீர்கள். 5-டி 20,000. 5-இ 10,000. வித்தியாசம் 10,000. ரீஃபண்ட் 1,340. அந்த 1,340-ஐ முதலிலேயே பிடிக்காமல் விட்டிருந்தாலும் உங்கள் மொத்தம் 18,660. அப்போதும் கழித்திருப்பது அதே பத்தாயிரம்தான். உங்களுக்கு ஒரு டாலர் ஆதாயமும் கிடைக்கவில்லை. அதனால் வருமானமாகச் சேர வேண்டியது பூஜ்யம்.

அப்படியென்றால் மென்பொருள் ஏன் 295 டாலரைக் குறைத்தது? 1,340-க்கு உங்கள் வரி விகிதமான 22 சதவீதம் போட்டுப் பாருங்கள், 294.80 வரும். முழுத் தொகையையும் வருமானமாக எடுத்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் இந்த ஆண்டு வேறு மென்பொருளுக்கு மாறியதாகச் சொன்னீர்கள். போன ஆண்டுத் தாக்கல் அதனிடம் இல்லை. 1099-ஜி தொகையைப் போட்ட பக்கத்திலேயே, அல்லது அடுத்த பக்கத்தில், 2024-ல் எவ்வளவு ஐட்டமைஸ் செய்தீர்கள், 5-டி என்ன, 5-இ என்ன என்று கேட்டிருக்கும். அவசரத்தில் அதைக் காலியாக விட்டுத் தாண்டினால் இப்படித்தான் ஆகும். திரும்பிப் போய் அந்தக் கட்டங்களை நிரப்புங்கள். நிரப்பியதும் மேலே ஓடும் ரீஃபண்ட் தொகை பழைய இடத்துக்கு வந்துவிட வேண்டும். ஷெட்யூல் 1-ன் முதல் வரிசையில் பூஜ்யமோ வெறுமையோ இருக்க வேண்டும். வரவில்லையென்றால் 1040 விளக்கக் கையேட்டில் இதற்கென்றே ஒரு சின்னக் கணக்குத் தாள் இருக்கிறது, அதைப் பென்சிலால் போட்டு ஒப்பிடுங்கள். பத்து நிமிட வேலை.

இதே தப்பை முந்தைய ஆண்டுகளிலும் செய்து வரி கட்டிவிட்டவர்கள் இருப்பார்கள். பொதுவாகத் தாக்கல் செய்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் 1040-எக்ஸ் போட்டுத் திருத்திப் பணத்தைத் திரும்பப் பெறலாம். சில நூறு டாலர்தானே என்று விட்டுவிடாதீர்கள், அது உங்கள் உழைப்பு.

முழுக்கவும் இல்லாமல், ஒன்றுமே இல்லாமலும் போகாமல், நடுவில் நிற்கும் நிலையும் உண்டு. வாடகை வீட்டில் இருக்கும் தனி ஆள் ஒருவர். 2024-ல் மாநில வரி 8,000, கோயிலுக்கும் பள்ளிக்கும் கொடுத்த நன்கொடை 7,500. மொத்தம் 15,500 என்பதால் ஐட்டமைஸ் செய்தார். ரீஃபண்ட் 1,300 வந்தது. ஐட்டமைஸ் செய்ததால் அவருக்குக் கிடைத்த ஆதாயம் 15,500-க்கும் 14,600-க்கும் உள்ள வித்தியாசம், 900 மட்டும். ஆகவே அந்த 1,300-ல் 900-தான் வருமானம். மீதி 400-ஐத் தொட வேண்டாம். இந்த மாதிரி ஆட்களுக்குத்தான் மென்பொருளில் முழுத் தொகை ஏறிவிடும் ஆபத்து அதிகம், ஏனென்றால் வரி இருக்கிறது என்பது சரியாக இருப்பதால் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை.

இப்போது ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம்மவர்களைக் குறிப்பாகப் பாதிக்கிறது. சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ அக்டோபரில் எச்-1பியில் வந்து இறங்குபவர்கள், வரிக்கு உள்ளூர்வாசியா என்று தங்கிய நாட்களை வைத்துப் பார்க்கும் 183 நாள் கணக்கை அந்த ஆண்டில் தொட மாட்டார்கள். பலர் முதல் ஆண்டுக்கு உள்ளூர்வாசி அல்லாதவர்களுக்கான 1040-என்ஆர் தாக்கல் செய்வார்கள். அந்தப் படிவத்தில் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் கிடையாது. சம்பளத்தில் பிடித்த மாநில வரியைத்தான் கழிவாக எழுதுவார்கள். மூன்று மாதச் சம்பளத்துக்கு ஆண்டு முழுக்க அதே சம்பளம் வருவதாக நினைத்து வரி பிடித்திருப்பார்கள், அதனால் மாநிலத்திலிருந்து ரீஃபண்ட் வரும். இரண்டாம் ஆண்டில் இவர்கள் சாதாரண 1040 போட்டு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுப்பார்கள். "ஸ்டாண்டர்ட் எடுத்தால் ரீஃபண்டுக்கு வரி இல்லை" என்று நண்பர் சொன்னதை நம்பி 1099-ஜியை ஓரமாக வைத்துவிடுவார்கள். பார்க்க வேண்டியது ரீஃபண்ட் எந்த ஆண்டு வரிக்கானதோ அந்த ஆண்டை. அந்த ஆண்டில் அவர்கள் அந்த வரியைக் கழித்திருக்கிறார்கள், ஒப்பிட்டுப் பார்க்க ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனும் இல்லை. ஆகவே 500 டாலர் வந்திருந்தால் பொதுவாக அந்த 500-ம் வருமானம்தான்.

எஃப்-1 விசாவில் இருக்கும் இந்திய மாணவர்களுக்கு இது பொருந்தாது. இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ம் விதி அவர்களுக்கு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனைக் கொடுக்கிறது. அதை எடுத்தவர்களுக்கு மாநில ரீஃபண்டைப் பற்றிக் கவலை இல்லை. ஒரே அபார்ட்மெண்டில் ஒருவர் எஃப்-1, ஒருவர் எச்-1பி என்று இருந்துகொண்டு ஒருவர் தாக்கலைப் பார்த்து இன்னொருவர் எழுதுவதை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

தாளில் இருக்கும் தொகை வங்கியில் வந்த தொகையோடு பொருந்தாமல் இருப்பதும் அடிக்கடி வரும் குழப்பம். என்னிடம் வந்த ஒருவர் வங்கிக் கணக்கைக் கைபேசியில் காட்டி, "600-தான் வந்தது, 1,100 என்று போட்டிருக்கிறார்கள், மாநிலம் தப்புப் பண்ணிவிட்டது" என்றார். அவருடைய மாநிலத் தாக்கலின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினால், 500 டாலரை அடுத்த ஆண்டு வரிக்கு வரவு வைக்கச் சொல்லி அவரே எழுதியிருந்தார். கைக்கு வந்ததாகத்தான் சட்டம் அதைப் பார்க்கிறது. பழைய கடனுக்காக மாநிலம் பிடித்துக்கொண்ட தொகையும் அப்படித்தான், இரண்டாவது கட்டத்தில் சேர்ந்தே வரும். அதே சமயம், அடுத்த ஆண்டுக்கு வரவு வைத்த அந்த 500-ஐ மாநிலத்துக்குக் கட்டிய வரியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அவர் அதை விட்டிருந்தார்.

உண்மையிலேயே தொகை தப்பாக இருந்தால் ஐஆர்எஸ்ஸை அழைத்துப் பயனில்லை, தாளைக் கொடுத்த மாநில வரித் துறையிடம்தான் திருத்திய படிவம் கேட்க வேண்டும். வேலையே இழக்காத உங்களுக்கு முதல் கட்டத்தில் தொகை போட்டு 1099-ஜி வந்தால் அது வேறு கதை: யாரோ உங்கள் பெயரில் வேலையிழப்பு உதவி வாங்கியிருக்கிறார்கள். அன்றைக்கே மாநிலத்தின் வேலையிழப்பு உதவி அலுவலகத்துக்குப் புகார் செய்யுங்கள்.

ரீஃபண்ட் தாமதமாக வந்தால் மாநிலம் வட்டி சேர்த்துத் தரும். இந்த வட்டிக்கு மேலே சொன்ன எந்தச் சலுகையும் இல்லை. ஸ்டாண்டர்ட் எடுத்தவரும் அதை வட்டி வருமானமாகக் காட்ட வேண்டும். 600 டாலருக்குக் குறைவாக இருந்தால் தனித் தாள் வராமலும் போகலாம், அதனால் மாநிலத்தின் கடிதத்தில் வட்டி என்று ஏதாவது போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னும் சில நுணுக்கங்கள் உண்டு. மாநில வருமான வரிக்குப் பதிலாக விற்பனை வரியைக் கழித்தவர்களுக்கு வருமான வரி ரீஃபண்டுக்கு வரி இல்லை. ஏஎம்டி (மாற்றுக் குறைந்தபட்ச வரி) கட்டியவர்கள், நாலாவது காலாண்டு முன்வரியை அடுத்த ஜனவரியில் கட்டியவர்கள் ஆகியோருக்குச் சாதாரணக் கணக்குத் தாள் போதாது. ஐஆர்எஸ்ஸின் 525-ம் வெளியீட்டைப் பார்க்க வேண்டும், அல்லது கணக்காளரிடம் போக வேண்டும். வரம்பு இருக்கும்போது பகுதித் தொகை எப்படி வருமானமாகும் என்பதை 2019-ல் வந்த ஐஆர்எஸ் தீர்ப்பு ஒன்று, 2019-11 என்ற எண்ணில், நான்கு எடுத்துக்காட்டுகளோடு விளக்கியிருக்கிறது. கணக்காளர் சொல்வதில் சந்தேகம் வந்தால் அதைக் காட்டிக் கேளுங்கள்.

நியூஜெர்சியிலிருந்து டெக்சாஸுக்கோ புளோரிடாவுக்கோ மாறிப் போனவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே மாநில வருமான வரி கிடையாது என்பதால் இந்தப் பேச்சே காதில் விழாது. ஆனால் போகும் ஆண்டில் பழைய மாநிலத்திலிருந்து ரீஃபண்ட் வரும், அதன் தாள் பழைய மாநிலத்தின் இணையதளத்திலேயே கிடக்கும். ஐஆர்எஸ்ஸுக்கு மட்டும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிடும்.

இனி உங்கள் அடுத்த ஆண்டு. இந்த ஆண்டு பூஜ்யம் என்று சொன்னேன் அல்லவா, அதே பதில் அடுத்த முறை இருக்காது. 2025-ல் வந்த புதிய சட்டம் சால்ட் வரம்பைப் பத்தாயிரத்திலிருந்து 40,000-ஆக உயர்த்திவிட்டது, அது 2025 வருமானத்துக்கே பொருந்தும். ஐந்து லட்சம் டாலருக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்குக் குறைந்துகொண்டே வந்து மறுபடி பத்தாயிரத்தில் நிற்கும். 2030-ல் எல்லோருக்கும் பத்தாயிரத்துக்கே திரும்பும். உங்கள் வருமானம் அந்த ஐந்து லட்சத்துக்குக் கீழேதான். 2025-லும் மாநில வரி, சொத்து வரி கிட்டத்தட்ட அதே 20,000 என்றால், இந்த முறை முழுவதையும் கழிப்பீர்கள். 5-டியும் 5-இயும் ஒன்றாகிவிடும். வீட்டுக் கடன் வட்டி 18,400, நன்கொடை 1,200 சேர்த்தால் 39,600. கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்பவர்களுக்கு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 31,500. ஆதாயம் 8,100 டாலர். நல்ல விஷயம்தான். ஆனால் இதன் மறுபக்கமாக, 2026-ல் உங்களுக்கு வரும் நியூஜெர்சி ரீஃபண்ட் முழுவதும் வருமானமாகும். 1,340 வந்தால் அப்போது அந்த 295 டாலர் உண்மையிலேயே கட்ட வேண்டியது. வரம்பு பத்தாயிரமாக இருந்த ஆண்டுகளில் ரீஃபண்டைப் பற்றி யோசிக்காமலே பழகிவிட்ட வீட்டுக்காரர்கள் பலரும் 2027-ல் செய்யும் தாக்கலில் இதை முதல் முறையாகச் சந்திப்பார்கள்.

அதற்கு நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இந்த ஆண்டும் மாநில ரீஃபண்ட் ஆயிரத்தைத் தாண்டுகிறது என்றால் சம்பளத்தில் பிடிப்பது அதிகம். நியூஜெர்சி டபிள்யூ-4 படிவத்தைத் திருத்தி ஆபீஸில் கொடுங்கள். அப்புறம், இப்போது திருத்தி முடித்த 2025 தாக்கலைச் சேமிக்கும்போது ஷெட்யூல் ஏ பக்கத்தையும் சேர்த்துத் தனி பிடிஎஃப் ஆகப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த பிப்ரவரியில் மென்பொருள் கேட்கப் போவது அந்த ஒரு பக்கத்தில் இருக்கும் எண்களைத்தான்.